இச்சிரோ சுசுகி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பார்ப்பேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். 2025 ஜூலை 27 அன்று இச்சிரோ அமெரிக்க பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்குள் போனதிலிருந்து அவை இன்னும் கூடிவிட்டன. அவருடைய ஆட்டத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இச்சிரோ, இச்சிரோன்னு சொல்றீங்களே, யாருங்க அவரு?

ஜப்பான்காரர். 1973 அக்டோபர் 22 அன்று பிறந்தவர். அய்ச்சி மாகாணத்தில், நகோயாவுக்குப் பக்கத்தில் இருக்கிற டொயொயாமா என்ற சிற்றூரில் வளர்ந்தார். 1992 முதல் 2000 வரை ஜப்பானில் ஆரிக்ஸ் புளூவேவ் அணிக்கு ஆடினார். 2001-ல் அமெரிக்காவுக்குப் போய் சியாட்டில் மரினர்ஸ், நியூயார்க் யாங்கீஸ், மயாமி மார்லின்ஸ் அணிகளில் ஆடிவிட்டு, கடைசியில் சியாட்டிலுக்கே திரும்பி 2019-ல் தன் 45 வயதில் ஓய்வு பெற்றார்.

வலது மைதானத்தில் ஃபீல்டிங், இடது கை பேட்டிங், வலது கை எறிதல். அமெரிக்காவில் மட்டும் 3,089 ஹிட், 509 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய அடுத்த மூலைக்கு, போய்விடுவது). ஜப்பானில் 1,278 ஹிட். இந்த இரண்டு ஹிட் கணக்கையும் கூட்டலாமா என்பதுதான் பெரிய சண்டை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எனக்கு கிரிக்கெட்தான் தெரியும். ஹிட்டுன்னா பந்தை அடிக்கிறதுதானே, அதுல என்ன பெருமை?

பந்து மட்டையில் பட்டால் மட்டும் ஹிட் ஆகாது. அடித்த பந்தை யாரும் கேட்ச் பிடிக்கக் கூடாது. தரையில் விழுந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிவதற்குள் அடித்தவர் 27 மீட்டருக்குச் சற்று மேல் ஓடி அங்கே கால் வைத்திருக்க வேண்டும். ஃபீல்டர் பிழை செய்ததால் தப்பித்தால் அதுவும் ஹிட் கணக்கில் வராது.

கிரிக்கெட்டில் பிடிக்காத பந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம், தட்டிவிட்டு ஓடாமலும் நிற்கலாம். இங்கே மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கக்கூடிய பந்தைத் தவறவிடுவது) ஆனால் வெளியே. கோட்டுக்குள் அடித்துவிட்டால் ஓடியே தீர வேண்டும். அதனால் பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தாலே பெரிய ஆட்டக்காரர் என்பார்கள். சராசரியை 0.300 என்று எழுதுவார்கள். 19 அமெரிக்க சீசன்களுக்கும் சேர்த்து இச்சிரோவின் சராசரி 0.311. கடைசிச் சில வருடங்களின் சரிவும் இதற்குள் அடக்கம்.

ஹோம் ரன்தானே கூட்டத்தை எழுப்பி நிறுத்தும்? இவர் மொத்தமே 117தான் அடிச்சாராமே?

அமெரிக்காவில் 117 என்பது சரிதான். அவர் வந்த காலத்தில் அங்கே எல்லோரும் தசையை ஏற்றிக்கொண்டு பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவதிலேயே குறியாக இருந்தார்கள். இச்சிரோ ஒல்லியான ஆள். பந்தை ஃபீல்டர்களுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் ஓட விடுவார். சில சமயம் பந்து மட்டையில் படும்போதே அவர் கால் முதல் பேஸை நோக்கிக் கிளம்பியிருக்கும்.

இயல்பில் வலது கைக்காரர் அவர். இடது பக்கம் நின்று அடித்தால் முதல் பேஸ் ஓரிரு எட்டு கிட்டத்தில் வரும் என்பதால் சிறுவயதிலேயே அப்பா பேட்டிங்கை மாற்றிவிட்டார். அந்த ஓரிரு எட்டை வைத்தே இச்சிரோ தன் மொத்த ஆட்டத்தையும் கட்டினார். மந்தமாக உருளும் பந்தை எடுத்து ஃபீல்டர் நிமிர்ந்து பார்க்கும்போது இச்சிரோ முதல் பேஸைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். ஹோம் ரன்னைவிட அந்த ஓட்டத்துக்காகத்தான் நான் காத்திருப்பேன்.

சின்ன வயசுல அப்பா ரொம்ப வாட்டினாராமே, உண்மையா?

பயிற்சி கடுமையானது என்பதில் சந்தேகமில்லை. மூன்று வயதில் முதல் கையுறை. பிறகு அப்பா நொபுயுகியோடு தினமும் எறிதல், பிடித்தல், அடித்தல். மாலையில் நகோயா விமான நிலையத்துக்கு அருகே இயந்திரம் பந்து வீசும் கூடத்துக்குப் போய் நூற்றுக்கணக்கில் அடிப்பார்கள். ஆறாம் வகுப்பில் 'என் கனவு' என்று இச்சிரோ எழுதிய கட்டுரை ஜப்பானில் பிரபலம். வருடத்தின் 365 நாளில் 360 நாள் கடும் பயிற்சி செய்கிறேன், நண்பர்களோடு விளையாட வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம்தான் கிடைக்கிறது என்று அதில் கணக்குப் போட்டிருப்பார். தொழில்முறை அணியில் சேரும்போது பத்துக் கோடி யென்னுக்கு மேல் ஒப்பந்தத் தொகை வேண்டும் என்றும் எழுதியிருப்பார்.

இந்தக் கதையை 'தந்தையின் தியாகம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வளர்ந்தபின் இச்சிரோவே அந்த நாட்களைப் பற்றிக் கசப்போடு பேசியிருக்கிறார், அப்பாவோடு இருந்த உறவும் பிற்காலத்தில் நலிந்துபோனது. தங்கள் பிள்ளையையும் இப்படிப் பழக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

இவ்வளவு திறமைன்னா எல்லா டீமும் அடிச்சுக்கிட்டு எடுத்திருக்கணுமே?

1991 நவம்பர் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு) நான்காவது சுற்றில்தான் ஆரிக்ஸ் எடுத்தது. உயர்நிலைப் பள்ளியில் அவர் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். நகோயாவின் அய்கோதாய் மெய்டென் பள்ளிக்காக, ஜப்பானே உட்கார்ந்து பார்க்கும் கோஷியென் பள்ளிப் போட்டியிலும் ஆடியவர்தான். ஆனாலும் பெரிய அணிகள் கண்டுகொள்ளவில்லை. கட்டுரையில் எழுதிய பத்துக் கோடி யென் கிடைக்கவில்லை, நான்கு கோடிதான் கிடைத்தது.

உள்ளே போனபின்னும் நிம்மதி இல்லை. முன்காலைத் தூக்கிக் கடிகார ஊசல் மாதிரி ஆட்டிக்கொண்டு, உடம்பையே முன்னால் நகர்த்தி அடிப்பார். மேனேஜர் (களத்தில் அணியை நடத்துபவர்) ஷோசோ டோய்க்கு அது பிடிக்கவில்லை. 1993-ல் ஹிடேயோ நோமோவின் பந்தில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்த பிறகும் இரண்டாம் அணிக்குத்தான் அனுப்பப்பட்டார். அடியை மாற்றிக்கொண்டால் மேலே வரலாம். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1994-ல் அகிரா ஓகி மேனேஜராக வந்து, உன் இஷ்டப்படி அடி என்று விட்டார். அந்த வருடம் 130 ஆட்டத்தில் 210 ஹிட், சராசரி 0.385. ஜப்பானிய லீக்கில் ஒரே சீசனில் 200 ஹிட்டைத் தொட்ட முதல் ஆள். அடுத்த ஆறு வருடமும் ஆரிக்ஸ் ஆடிய பசிஃபிக் லீக்கின் பேட்டிங் பட்டம், அதாவது உயர்ந்த சராசரிக்கான பட்டம், அவரிடமே இருந்தது.

எல்லாருக்கும் முதுகுல குடும்பப் பேர். இவருக்கு மட்டும் ஏன் 'இச்சிரோ'?

அதுவும் ஓகியின் வேலைதான். சுசுகி என்பது ஜப்பானில் தடுக்கி விழுந்தால் தட்டுப்படும் பெயர். 1994-ல் 'இச்சிரோ' என்றே பதிவு செய்தார்கள், அது நிலைத்துவிட்டது. பெயரில் 'ஒன்று' இருப்பதால் தலைப்பிள்ளை என்று பலரும் நினைக்கிறார்கள். இவர் இரண்டாவது மகன்.

கோபே நகரத்துக்காரங்க இவரை வேற மாதிரி கொண்டாடுறாங்களே, ஏன்?

ஆரிக்ஸின் சொந்த மைதானம் கோபேயில்தான். 1995 ஜனவரி 17 விடியற்காலையில் பெரும் நிலநடுக்கம் வந்து அந்த வட்டாரத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த சீசனை ஆரிக்ஸ் ஊரைவிட்டுப் போகாமல் கோபேயிலேயே ஆடியது. சட்டைக் கையில் 'கன்பரோ கோபே' என்று எழுதியிருந்தார்கள். 'கோபே, விடாமல் முயல்வோம்' என்று சொல்லலாம். வீடு இழந்தவர்களும் அந்த மைதானத்துக்கு வந்தார்கள். அந்த வருடம் ஆரிக்ஸ் பசிஃபிக் லீக்கை வென்றது. இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் ஜப்பான் தொடரில் தோற்றாலும் 1996-ல் யோமியுரி ஜயன்ட்ஸை வீழ்த்தி அதையும் எடுத்தது. 1994, 95, 96 மூன்று வருடமும் லீக்கின் சிறந்த வீரர் இச்சிரோதான்.

அமெரிக்காவுக்குப் போன முதல் ஜப்பான்காரர் இவர்தானே? ஆரிக்ஸ் வித்துட்டாங்களாமே?

முதல் ஆள் இல்லை. 1964-லேயே மசனோரி முரகாமி சான் பிரான்சிஸ்கோவுக்கு வீசினார். மேலே சொன்ன நோமோ 1995-ல் லாஸ் ஏஞ்சலஸில் பெரும் பெயர் எடுத்தார். ஆனால் அவர்கள் பிட்சர்கள். ஜப்பானியர் வீசுவார்கள், தினசரி அடிக்க முடியாது என்ற எண்ணம் அங்கே உறைந்துபோயிருந்தது. அதை உடைக்கப் போனவர் இச்சிரோ. அவர் போன அதே 2001-ல் அடிப்பவரான சுயோஷி ஷின்ஜோவும் நியூயார்க் மெட்ஸுக்குப் போனார்.

விற்றது என்று சொல்ல முடியாது, வழி அப்படி. சுதந்திரமாக வெளிநாடு போகும் உரிமை கிடைக்கும் முன்பே ஒரு வீரர் போக விரும்பினால், அவருடைய ஜப்பானிய அணி அமெரிக்க அணிகளிடம் ஏலத்தொகை கேட்பது அன்றைய முறை. அதிகம் சொன்ன அணிக்கு மட்டுமே வீரரோடு பேச உரிமை இருந்தது. 2000 நவம்பரில் சியாட்டில் சுமார் 1 கோடியே 31 லட்சம் டாலர் சொல்லி ஜெயித்தது. அது ஆரிக்ஸுக்குப் போன பணம். இச்சிரோவுக்குத் தனியாக மூன்று வருடத்துக்கு சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர்.

ஒன்பது வருஷம் ஆடிட்டு வந்தவருக்கு 'புதுமுகம்' விருதா? இது நியாயமா?

அப்போதும் இந்த முணுமுணுப்பு இருந்தது. விதிப்படி அமெரிக்க லீக்கில் எத்தனை வாய்ப்பு ஆடியிருக்கிறார் என்பதுதான் கணக்கு. அவர் ஆடியது பூஜ்யம். 2001-ல் 242 ஹிட், 0.350, 56 பேஸ் திருட்டு. புதுமுக விருதையும் லீக்கின் சிறந்த வீரர் விருதையும் ஒரே வருடத்தில் வாங்கினார். அதற்கு முன் அதைச் செய்தவர் 1975-ல் ஃபிரெட் லின் மட்டுமே. சியாட்டில் அந்த வருடம் 116 ஆட்டம் ஜெயித்து, 1906-ல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனையைச் சமன் செய்தது.

இந்த விவாதத்தில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஜப்பானில் ஆடிய ஒன்பது வருடம் கணக்கில் சேரும், அதனால் அவர் புதுமுகம் இல்லை என்று 2001-ல் சொன்னார்கள். 2016-ல் ஹிட் எண்ணிக்கை வந்தபோது அதே ஒன்பது வருடம் சேராது என்றார்கள்.

'அந்த த்ரோ'ன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

2001 ஏப்ரல் 11, ஓக்லண்ட். இச்சிரோ அமெரிக்க லீக்கில் ஆட ஆரம்பித்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. முதல் பேஸில் டெரன்ஸ் லாங் என்ற வேகமான ஓட்டக்காரர். அடிக்கப்பட்ட பந்து வலது மைதானத்துக்கு வருகிறது. லாங் இரண்டாவது பேஸோடு நிற்காமல் மூன்றாவதுக்கும் ஓடுகிறார். நியாயமான முடிவுதான், அவ்வளவு தூரம் எறிந்து யாரும் பிடித்துவிட முடியாது. இச்சிரோ ஓடிவந்து எடுத்த வேகத்திலேயே எறிகிறார். பந்து வளைந்து மேலே ஏறவே இல்லை, கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக வந்து மூன்றாவது பேஸில் டேவிட் பெல்லின் கையுறையில் விழுகிறது. லாங் சறுக்கி வரும் காலுக்கு எதிரே பந்து காத்திருக்கிறது. அவுட்.

கிரிக்கெட் ஆட்களுக்கு எளிதில் புரியும்: டீப் மிட்விக்கெட் எல்லையிலிருந்து ஒரு துள்ளல்கூட இல்லாமல் நேராகக் கீப்பர் கைக்கு வருகிற எறிதல். அதற்குப் பிறகு ஓட்டக்காரர்கள் அவரைச் சோதித்துப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருதைப் பத்து வருடம் தொடர்ந்து வாங்கினார்.

84 வருஷச் சாதனையை முறிச்சார்னு சொல்றது எது?

1920-ல் ஜார்ஜ் சிஸ்லர் ஒரே சீசனில் அடித்த 257 ஹிட். 2004 அக்டோபர் 1 இரவு, சியாட்டிலில் டெக்சஸ் ரேஞ்சர்ஸோடு ஆட்டம். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். முதல் இன்னிங்ஸில் ஒரு ஹிட், சமன். மூன்றாவது இன்னிங்ஸில் நடுவே ஓடிய ஒன்று, 258. அணியினர் மைதானத்துக்குள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அங்கிருந்து இச்சிரோ பார்வையாளர் பக்கம் போய் முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்தார். அவர் சிஸ்லரின் மகள். சீசன் முடியும்போது எண்ணிக்கை 262. அதில் 225 ஒற்றை பேஸ் ஹிட். இன்றுவரை அந்த 262-ஐ யாரும் தொடவில்லை.

154 ஆட்டத்தில் சிஸ்லர் அடித்தார், இச்சிரோ 161 ஆட்டம் ஆடினார் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. இச்சிரோவும் சிஸ்லரை மறக்கவில்லை. 2009-ல் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்காக (சிறந்த வீரர்களைத் திரட்டி ஆடும் ஆட்டம்) செயின்ட் லூயிஸ் போனபோது அவருடைய கல்லறையைத் தேடிப்போய் மலர் வைத்தார்.

45 வயசு வரைக்கும் ஆட உடம்பு எப்படி தாங்குச்சு?

காயத்தை ஆற்றுவதைவிடக் காயம் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் அவர் கவனம். எந்த நேரமும் உடம்பை நீட்டி வளைத்துக்கொண்டே இருப்பார். கையுறைக்குத் தானே எண்ணெய் போட்டுத் துடைப்பார். மிசுனோ நிறுவனத்தில் இசோகசு குபோட்டா என்ற கைவினைஞர் செதுக்கிக் கொடுத்த பேட்டுகளை ஈரம் ஏறாத பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார். அவுட் ஆன கோபத்தில் பேட்டை வீசுகிற வழக்கம் இல்லை. இளவயதில் ஒருமுறை அப்படி நடந்துகொண்டதற்கு, செய்து கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்.

சாப்பாட்டிலும் இதே ஒழுங்குதான். பல வருடம் சியாட்டில் வீட்டில் தினமும் காலையில் மனைவி யுமிகோ செய்த ஜப்பானியக் கறிச்சோறு. நம் 'கறி' என்ற சொல் கப்பலேறி, ஆங்கிலம் வழியாக ஜப்பானில் 'கரே' ஆகி, அவர் தட்டு வரைக்கும் போயிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

உலகத் தொடர் எத்தனை ஜெயிச்சார்?

அமெரிக்க சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும் அந்தத் தொடரில் ஒன்றுகூட இல்லை, ஆடவே வாய்க்கவில்லை. 2001-ல் சியாட்டிலும் 2012-ல் யாங்கீஸும் அதற்கு ஒரு படி முன்னாலேயே விழுந்தன. 2012 ஜூலை 23 அன்று அவரை யாங்கீஸுக்கு மாற்றினார்கள். அன்றைய ஆட்டமே சியாட்டிலில், சியாட்டிலுக்கு எதிராக. பதினொரு வருடம் ஆடிய மைதானத்தில் எதிரணிச் சட்டையோடு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணங்கினார்.

நாடுகளுக்கிடையிலான உலக பேஸ்பால் கிளாசிக்கை 2006, 2009 இரண்டு முறையும் ஜப்பானுக்காக வென்றார். 2009 இறுதியாட்டம் கொரியாவோடு, பத்தாவது இன்னிங்ஸ், 3-3. அந்தத் தொடர் முழுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தவர் அந்த நேரத்தில் நடுவே ஒன்று அடித்து இரண்டு ஓட்டம் கொண்டுவந்தார், 5-3. அந்த அழுத்தத்தின் விலை பிறகு தெரிந்தது. வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவு, சீசனின் முதல் எட்டு ஆட்டத்துக்கு வரவில்லை.

கேட்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. தன் ஹிட் எண்ணிக்கைக்காக மட்டும் ஆடுறவர்னு சொல்றாங்களே?

தப்பே இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். எல்லைக்கு வெளியே வீசப்பட்ட நான்கு பந்தை அடிக்காமல் விட்டு, முதல் பேஸுக்குப் பொறுமையாக நடந்து போவதும் அணிக்கு லாபம். அதில் இச்சிரோவுக்கு நாட்டம் குறைவு. பேஸ் அடையும் விகிதம் 0.355, நன்று என்று சொல்லலாம், அபாரம் என்று சொல்ல முடியாது. இந்த ஓர் அளவில் அவரைவிட மேலான பேட்டர்கள் பலர் உண்டு.

ஆனால் சுயநலம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். பேஸ் திருட்டையும், மேலே சொன்ன எறிதலையும், வருடத்துக்கு 160 ஆட்டம் ஆடக் களத்தில் நின்றதையும் எந்தக் கணக்கில் வைப்பது? அவர் ஆடிய பெரும்பாலான வருடங்களில் சியாட்டில் மோசமான அணி. தோற்கிற அணியில் ஒருவர் மட்டும் ஒழுங்காக ஆடினால் அது சுயநலம் மாதிரி தெரியும்.

சரி, பீட் ரோஸை முந்தினாரா இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்க.

ஒரே வரியில் சொன்னால் பொய்யாகிவிடும். பீட் ரோஸ் அமெரிக்காவில் மட்டும் 4,256 ஹிட். 2016 ஜூன் 15 அன்று சான் டியேகோவில் இச்சிரோவின் இருநாட்டு மொத்தம் 4,257 ஆனது. ஓய்வு பெறும்போது 4,367. இப்படியே போனால் பள்ளிக்கூட ஹிட்டையும் சேர்ப்பார்கள் என்று ரோஸ் அப்போது எரிச்சல்பட்டார். அமெரிக்கப் பட்டியலில் ரோஸ்தான் முதலிடம், அதில் மாற்றமில்லை.

ஜப்பானிய லீக் தரத்தில் ஒரு படி குறைவு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தோடு ஒப்பிடுவது அநியாயம். அவர் ஆடிய காலத்தில் அங்கே சீசனுக்கு 130 முதல் 135 ஆட்டம்தான், அமெரிக்காவில் 162. 27 வயதில் வந்த ஒருவர் 3,000-ஐத் தாண்டினார் என்றால் முன்னமே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரோஸ் 14,053 வாய்ப்பில் 4,256. இச்சிரோ இரு நாட்டிலும் சேர்த்து 13,553 வாய்ப்பில் 4,367. ஐந்நூறு வாய்ப்பு குறைவு, 111 ஹிட் அதிகம். என் நிலை இதுதான்: இரண்டையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள், ஆனால் 1,278 ஹிட் நடக்கவே இல்லை என்பது போலவும் பேசாதீர்கள். அமெரிக்காவில் அவருடைய 3,000-வது ஹிட் 2016 ஆகஸ்ட் 7 அன்று கொலராடோவில் வந்தது. வேலியில் மோதித் திரும்பிய பந்தில் மூன்றாவது பேஸ் வரை ஓடினார். 42 வயதில்.

புகழ் மண்டப ஓட்டுல ஒருத்தர் மட்டும் போடலையாமே, யார் அது?

394 ஓட்டில் 393. போடாதவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. முழு ஓட்டும் வாங்கிய ஒரே ஆள் 2019-ல் தேர்வான மரியானோ ரிவேரா. 2020-ல் டெரக் ஜீட்டருக்கும் இதேபோல ஒன்று குறைந்தது. அந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து குடிக்க ஆசை என்று இச்சிரோ தேர்வானபோது சொன்னார். ஜூலையில், புகழ் மண்டபம் இருக்கிற கூப்பர்ஸ்டவுன் மேடையில், முழுக்க ஆங்கிலத்தில் பேசிய உரையில், அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஆசியாவில் பிறந்து அந்த மண்டபத்துக்குள் போன முதல் வீரர் அவர்.

கடைசி ஆட்டம் டோக்கியோவிலாமே? அதுக்கப்புறம் என்ன பண்றார்?

2019 மார்ச் 21, டோக்கியோ டோம், ஓக்லண்டோடு ஆட்டம். அன்று அவருக்கு ஒரு ஹிட்டும் விழவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் வலது மைதானத்துக்குப் போய் நின்றவரை மேனேஜர் திரும்ப அழைத்தார். ஒவ்வொருவராகத் தழுவினார்கள். அன்றுதான் அமெரிக்க லீக்கில் முதல் ஆட்டம் ஆடிய பிட்சர் யூசே கிகுச்சி அவர் தோளில் அழுதார். ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. இச்சிரோ மறுபடி வெளியே வந்து மைதானத்தைச் சுற்றினார்.

இப்போதும் சியாட்டில் பயிற்சிகளில் முழுச் சீருடையோடு ஃபீல்டிங் செய்கிறார். ஜப்பானில் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார். தொழில்முறை வீரராக இருந்தவர் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு நினைத்தவுடன் பயிற்சி கொடுத்துவிட முடியாது, அதற்கான வகுப்பை முடித்துத் தகுதி வாங்கினார். 2021 முதல், நண்பர்களைச் சேர்த்து அமைத்த அமெச்சூர் அணியோடு உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் தேர்வணியை எதிர்த்து வருடம் ஒரு ஆட்டம் ஆடுகிறார். பள்ளியில் பிட்சராக இருந்தவர் என்று மேலே சொன்னேன் இல்லையா, இந்த ஆட்டங்களில் வீசுவது அவர்தான். முதல் வருடம் கோபேயில், 48 வயதில், 147 பந்து வீசி ஒன்பது இன்னிங்ஸையும் தானே முடித்தார். அந்தப் பெண்களுக்காக வேகத்தைக் குறைக்கவில்லை. 1-0.